மனித இதயத்தை நடத்த எந்த வீடியோ? ஆசிரியர்களுக்கு ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 10ஆம் வகுப்பு அறிவியலின் 14ஆவது அலகு, தாவரங்களில் நடக்கும் கடத்துதலையும் விலங்குகளின் சுற்றோட்டத்தையும் சேர்த்துச் சொல்கிறது. அதில் மனித இதயத்துக்கு ஓர் ஆசிரியரால் ஒதுக்க முடிவது இரண்டு பாடவேளை, மிஞ்சிப் போனால் மூன்று. அதற்குள் ஒரு வீடியோவும் காட்டலாம் என்று யூடியூபில் ‘மனித இதயம்’ எனத் தமிழில் தேடினால், பள்ளிப் பாடம், போட்டித் தேர்வு வகுப்பு, நீட் பயிற்சி, மாரடைப்பு பற்றி மருத்துவர் தரும் பேட்டி, வீட்டு வைத்தியம் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. எதை எடுப்பது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பறைக்கு ஒன்றிரண்டு நிமிட அசைவுப் படம் போதும். பேச்சை ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும். இருபது நிமிட விளக்க வீடியோ எவ்வளவு அருமையாக இருந்தாலும் அது வீட்டில் பார்ப்பதற்கு. இந்த அளவுகோலோடு பார்த்தால் நம் முன் இருக்கும் வழிகளில் எது எதற்கு உதவும் என்பது தெளிவாகும். இதயத்தையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வீடியோ உண்மையிலேயே உதவக்கூடிய பாடம் அது.

தேடுவதற்கு முன்னால்

இதயப் பாடத்தில் பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் ஏறக்குறைய எல்லாப் பள்ளியிலும் ஒன்றுதான். படத்தில் இதயத்தின் இடது பக்கம் ஏன் நமக்கு வலது கைப்பக்கம் இருக்கிறது என்பது முதல் குழப்பம். நுரையீரல் தமனி ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தைக் கொண்டுபோகிறது என்றவுடன் ‘தமனி என்றால் நல்ல இரத்தம் என்றுதானே போன வாரம் சொன்னீர்கள்?’ என்று கேட்பார்கள். படத்தில் நீல நிறம் அடித்திருப்பதால் உடம்புக்குள் நீல இரத்தம் ஓடுகிறது என்றும் நம்பிவிடுவார்கள்.

இவற்றுக்கு வீடியோ வேண்டியதில்லை. இடது வலதுக்கு, ஒரு மாணவரை வகுப்பைப் பார்த்து நிற்கவைத்து இடது கையைத் தூக்கச் சொன்னாலே போதும். தமனிக்கு, இதயத்தில் இருந்து வெளியே போவது தமனி, இதயத்துக்குத் திரும்பி வருவது சிரை என்று பலகையில் இரண்டு அம்புக்குறி போட்டால் சரியாகிவிடும்.

உண்மையான சிக்கல் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, இதயத்தின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன என்பது. புத்தகத்தில் நாம் ஒரு துளி இரத்தத்தின் பயணத்தைச் சொல்கிறோம்: உடலில் இருந்து வலது ஆரிக்கிள் (மேலறை), வலது வெண்ட்ரிக்கிள் (கீழறை), நுரையீரல், பிறகு இடது ஆரிக்கிள், இடது வெண்ட்ரிக்கிள், உடல். வரிசையாகச் சொல்வதால், முதலில் வலது பக்கம் சுருங்கி, அப்புறம் இடது பக்கம் சுருங்கும் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியே தேர்விலும் எழுதுகிறார்கள். நடப்பதோ வேறு. இரண்டு ஆரிக்கிள்களும் சேர்ந்து சுமார் 0.1 விநாடி சுருங்குகின்றன. பிறகு இரண்டு வெண்ட்ரிக்கிள்களும் சேர்ந்து 0.3 விநாடி, மீதி 0.4 விநாடி முழு இதயமும் தளர்ந்திருக்கும். நிமிடத்துக்கு 72 முதல் 75 முறை துடித்தால் ஒரு சுற்று 0.8 விநாடி. இன்னொரு சிக்கல் வால்வு. அது தானாகத் திறந்து மூடுவதாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இரத்தத்தின் அழுத்தம் தள்ளுவதால் திறக்கிறது, திரும்பித் தள்ளுவதால் மூடுகிறது என்பது அசையாத படத்தில் புலப்படாது. மூடும்போது எழுவதுதான் ‘லப்’, ‘டப்’.

ஆக, இந்தப் பாடத்துக்குத் தேட வேண்டியது இவ்வளவுதான்: இரு பக்கமும் சேர்ந்து சுருங்குவதும், வால்வு தள்ளப்பட்டு மூடுவதும் தெரிகிற படம். இதை முடிவு செய்துகொண்டு தேடினால் தேர்வு பாதி முடிந்த மாதிரி. முடிவு செய்யாமல் தேடினால், அழகாக எடுத்த வீடியோ எதுவோ அதில் மனம் போய்விடும்.

அழகாக எடுத்த வீடியோவை ஏன் நம்பக்கூடாது என்பதற்கு ஓர் ஆய்வே இருக்கிறது. இன்று அறிவியல் வீடியோக்களால் உலகம் அறிந்த டெரெக் முல்லர், 2008இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் தன் முனைவர் பட்டத்துக்காக இயற்பியல் வீடியோக்களை ஆராய்ந்தார். தெளிவாக, பிசிறில்லாமல் விளக்கும் வீடியோவைப் பார்த்த மாணவர்கள் ‘நன்றாகப் புரிந்தது’ என்றார்கள். ஆனால் தேர்வில் மதிப்பெண் அதிகம் ஏறவில்லை. மாணவர்களிடம் வழக்கமாக இருக்கும் தவறான எண்ணத்தையே முதலில் பேசவிட்டு, பிறகு அதைத் திருத்தும் வீடியோ கொஞ்சம் குழப்பமாக இருந்ததாகச் சொன்னவர்கள்தான் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். தெளிவான விளக்கம் கேட்கும்போது, பிள்ளைகள் தாங்கள் ஏற்கெனவே நம்புவதைத்தான் வீடியோவும் சொல்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். வகுப்பில் விளக்கு அணைந்ததும் அத்தனை பேரும் அமைதியாகத் திரையைப் பார்ப்பதை வைத்துப் ‘பாடம் போய்ச் சேர்ந்தது’ என்று நாம் முடிவு கட்டக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அரசு தரும் வீடியோக்கள்

முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். 2018 முதல் வந்த புதிய பாடப் புத்தகங்களில் பாடத்துக்குப் பாடம் விரைவுக் குறியீடு (கியூஆர் கோடு) இருக்கிறது. 2017இல் மத்திய அரசு தொடங்கிய திக்‌ஷா தளத்தின் செயலியில் அதை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான பொருளுக்கே நேரே போய்விடலாம், தேட வேண்டிய வேலை இல்லை. செயலியில் பதிவிறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாத வகுப்பிலும் காட்டலாம் என்பது பெரிய வசதி. பல கைகள் சேர்ந்து செய்தவை என்பதால் எல்லாம் ஒரே தரத்தில் இருக்காது. ஒன்று நல்ல அசைவுப் படமாக இருக்கும், அடுத்தது எழுத்துப் பலகையும் பின்னணிக் குரலுமாக இருக்கும். முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும்.

2023 ஜூலையில் பள்ளிக் கல்வித்துறை வெளியிட்ட மணற்கேணி செயலி வகுப்பறைக்கு இன்னும் பொருத்தம். பாடத்தைச் சிறு சிறு கருத்துகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக அசைவுப் படத்தோடு விளக்கம் தருவதுதான் அதன் அடிப்படை. தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டுக்கும் இருக்கிறது, கட்டணம் இல்லை. கலைச்சொற்கள் நம் புத்தகத்தில் உள்ளவையே என்பதைப் பெரிதாக மதிக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை அரசுத் தேர்வில் எழுத வேண்டிய சொல்லை வீடியோவிலும் கேட்பது சின்ன விஷயம் இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: பின்னணிக் குரல் இடைவெளி விடாமல் போகும். வெண்ட்ரிக்கிள் சுருங்கும் இடத்தில் நிறுத்தி, ‘இப்போது ஈரிதழ் வால்வு திறந்திருக்குமா, மூடியிருக்குமா?’ என்று கேட்டுவிட்டு, பிள்ளைகள் கை தூக்கிய பிறகுதான் ஓடவிட வேண்டும். நிறுத்தாமல் ஓடவிட்டால் அதுவும் வேடிக்கைதான்.

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது. அடுத்த ஆண்டே பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, கையில் ஸ்மார்ட்போன் இல்லாத எத்தனையோ வீடுகளுக்குப் பாடம் போய்ச் சேர்ந்தது அதன் வழியாகத்தான். அந்தப் பாடங்கள் யூடியூபிலும் இருக்கின்றன. அவற்றின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவை ஆசிரியர் பக்கத்தில் இல்லாத பிள்ளைக்காக எடுக்கப்பட்டவை; திரையில் இன்னோர் ஆசிரியர் முழுப் பாடத்தையும் நடத்துவார். வகுப்பறையில் அதைப் போட்டுவிட்டு நாம் ஓரமாக நிற்பதில் பொருள் இல்லை. அம்மை போட்டு இரண்டு வாரம் வராத பிள்ளைக்கும், தேர்வுக்கு முன் திரும்பிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் அதைவிட நல்லது வேறு இல்லை. இணைப்பைப் பெற்றோரின் வாட்ஸப்புக்கு அனுப்பிவிடலாம்.

தமிழ் யூடியூப்: ஆசிரியர்கள், பயிற்சி மையங்கள், மற்றவர்கள்

இங்கே தேர்வு செய்வதுதான் கடினம். நம் ஆசிரியர்கள் பலர் தாங்களே சேனல் நடத்துகிறார்கள். வட்டார வழக்கோடு, பிள்ளையின் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலப் பேசும் அந்த நெருக்கம் எந்தப் பெரிய நிறுவனத்தின் வீடியோவிலும் வராது. குறை என்னவென்றால் பெரும்பாலும் திரையில் இருப்பது புத்தகப் படம்தான். நமக்கு வேண்டியது அசைவு; அது இல்லாதபோது பலகையில் நாமே வரைந்துவிடலாம். ஆனால் ஓர் ஆசிரியராக, பாடத்துக்கு முந்தைய இரவில் இப்படி இரண்டு மூன்று பேர் எப்படி விளக்குகிறார்கள் என்று கேட்பது மிகவும் உதவும். எங்கே நிறுத்துகிறார்கள், எந்தக் கேள்வி கேட்கிறார்கள் என்பதைக் கவனிக்கலாம்.

பயிற்சி மையங்களின் வீடியோக்கள் வேறு ரகம். ‘இது கட்டாயம் வரும், குறித்துக்கொள்ளுங்கள்’ என்று ஓடுபவை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெரியவர்களுக்கு அது சரி. முதன்முதலாக இதயத்தைப் பற்றிக் கற்கும் 15 வயதுப் பிள்ளைக்கு அது ஏற்றதல்ல, காட்ட வேண்டாம் என்பதே என் கருத்து.

எல்எம்இஎஸ் போல, அன்றாடக் கேள்வியில் இருந்து அறிவியலுக்குள் இழுத்துப் போகும் தமிழ்ச் சேனல்கள் பாடத்தைத் தொடங்கிவைக்கப் பயன்படும். ஆர்வத்தைக் கிளப்ப ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு, பிறகு பாடத்துக்கு வந்துவிட வேண்டும்.

இப்போது புதிதாக ஒரு தொல்லை சேர்ந்திருக்கிறது. இயந்திரக் குரலில், எங்கெங்கோ எடுத்த படங்களை ஒட்டித் தயாரிக்கும் வீடியோக்கள். குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஓடும், பேச்சு ஆரிக்கிளைச் சொல்லும்போது படம் வேறெதையோ காட்டும், யார் தயாரித்தார்கள் என்ற விவரமும் இருக்காது. சேனலின் அறிமுகப் பகுதியில் ஒரு பள்ளியோ, ஆசிரியரோ, நிறுவனமோ அடையாளம் தெரியாவிட்டால் அதை வகுப்புக்குள் கொண்டுவரக் கூடாது. பிழை இருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

தமிழில் தேடும்போது இலங்கைத் தமிழ் வீடியோக்களும் வரும். இலங்கைக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ் மொழிப் பாடப் பொருள்கள் இருக்கின்றன. தனி ஆசிரியர்களும் நிறையச் செய்திருக்கிறார்கள். உயிரியலைத் தமிழில் உயர்தரம் வரை நடத்திய நீண்ட பழக்கம் அங்கே உண்டு, விளக்கங்கள் ஆழமாக இருக்கும். ஆனால் தமிழ்நாட்டு வகுப்பில் அப்படியே போட்டால் பிள்ளைகள் திணறுவார்கள். நம் ஆரிக்கிள் அங்கே சோணையறை, வெண்ட்ரிக்கிள் இதயவறை, தமனி நாடி. அதிலும் நாளம் என்று அவர்கள் சொல்வது நம்முடைய சிரையை. நாமோ இரத்த நாளம் என்று தமனி, சிரை எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்கிறோம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ நம் வீடியோவைக் காட்டும் ஆசிரியருக்கும் இதே சிக்கல் மறுபக்கமாக வரும். ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இரு கரைக்கும் பிரச்சினை இல்லை.

ஆங்கிலச் சேனல்கள்

படத்தின் தரத்தில் இவைதான் முன்னணி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கான் அகாடமி, டெட்-எட், அமீபா சிஸ்டர்ஸ், கிராஷ் கோர்ஸ் என்று ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். ஆனால் நான்கும் ஒன்றல்ல. கான் அகாடமி கறுப்புப் பலகையில் கையால் வரைந்துகொண்டே பேசும் முறை. நிதானமாக வளரும் அந்தப் படத்தைப் பார்த்து நாமும் பலகையில் அப்படி வரையக் கற்றுக்கொள்ளலாம். டெட்-எட் கதை போலப் போகும். அமீபா சிஸ்டர்ஸ் கேலிச்சித்திரங்களோடு உயிரியலை எளிமையாகச் சொல்வது, நம் உயர்நிலைப் பிள்ளைகளுக்கு இது நெருக்கமாக இருக்கும். கிராஷ் கோர்ஸ் பேச்சு வேகமானது; நம் ஊர் ஆங்கில வழி மாணவர்களுக்கே பிடிபடாது. ஆங்கில வழி வகுப்பில் காட்டுவதாக இருந்தால் ஆங்கில எழுத்து வரிகளை ஓடவிட்டு, வேகத்தை 0.75க்குக் குறைத்துக்கொள்வது நல்லது.

தமிழ் வழி வகுப்பில் இவற்றைப் பயன்படுத்த ஒரே வழி, ஒலியை நிறுத்திவிட்டு ஆசிரியரே பேசுவது. இதை ஒரு குறுக்கு வழியாக நான் பார்க்கவில்லை, சிறந்த வழியே இதுதான். ஆசிரியர் தன் வகுப்புப் பிள்ளை எங்கே முழிக்கிறது என்று பார்த்துப் பேசுவார், திரையில் இருக்கும் குரலால் அது முடியாது. முன்னரே எத்தனை நிமிடம் எத்தனை விநாடியில் இருந்து வேண்டும் என்று குறித்துக்கொண்டு, அந்தத் துண்டை இரண்டு முறை ஓட்டலாம். முதல் முறை ஒன்றும் சொல்லாமல், இரண்டாம் முறை கேள்வியோடு.

வீடியோ எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். எட்எக்ஸ் இணைய வகுப்புகளில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2014இல் பிலிப் குவோவும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரையில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பொதுவாக ஆறு நிமிடத்துக்கு மேல் பார்ப்பவர்கள் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை என்று கண்டார்கள். அது தாமாக விரும்பிச் சேர்ந்த பெரியவர்களின் கணக்கு. நம் வகுப்பில் பிள்ளை எழுந்து போக முடியாது, அதனால் கண் திரையில் இருக்கும். கவனம் இருக்குமா என்பது வேறு.

வீடியோவுக்கும் முந்தையது: திரும்பத் திரும்ப ஓடும் படம், பம்பு, ஆட்டின் இதயம்

இதயப் பாடத்துக்கு என் முதல் தேர்வு யூடியூபே இல்லை. விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் இதயத் துடிப்பைக் காட்டும் சிறு அசைவுப் படங்கள் இருக்கின்றன. சில விநாடிகள்தான், முடிந்தவுடன் தானாகவே மறுபடி தொடங்கும். குரல் இல்லை, விளம்பரம் இல்லை, பதிவிறக்கி வைத்துக்கொள்ள உரிமம் தடை சொல்லாது. இதயம் திரையில் துடித்துக்கொண்டே இருக்கும்போது நாம் பத்து நிமிடம் கேள்வி கேட்கலாம். ‘வலது வெண்ட்ரிக்கிளை மட்டும் பார். இப்போது இடதை மட்டும் பார். எது முதலில்?’ சில சுற்று பார்த்ததும் யாராவது ஒருவர் ‘ரெண்டும் ஒண்ணாத்தான் டீச்சர்’ என்பார். அந்தப் பதிலைப் பிள்ளையே கண்டுபிடிப்பதற்காகத்தான் இவ்வளவு தேடலும். தேடும்போது ஆங்கிலத்தில் ‘ஹார்ட்’, ‘அனிமேஷன்’ என்ற சொற்களோடு தேடினால்தான் கிடைக்கும்.

வால்வுக்கு அரவிந்த் குப்தாவின் வீடியோக்கள். ஐஐடி கான்பூரில் படித்து, குப்பையில் கிடைக்கும் பொருள்களால் அறிவியல் பொம்மைகள் செய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவருடைய குழு புனேயில் எடுத்த குறும்படங்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடம்தான், தமிழிலும் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் ரப்பர்த் துண்டை வால்வாக வைத்துச் செய்யும் பம்புகளும் உண்டு. பார்த்துவிட்டுப் பிள்ளைகள் தாங்களே செய்து, தண்ணீர் ஒரு பக்கமாக மட்டும் போவதைக் கையில் உணர்ந்தபின், மூவிதழ் வால்வு ஏன் அப்படி இருக்கிறது என்று நாம் விளக்கவே வேண்டியிருக்காது. வீடியோ முடிந்ததும் வேலை தொடங்குகிறது என்பதுதான் இந்த வகையின் சிறப்பு. மற்ற வீடியோக்கள் முடிந்ததும் எல்லாம் முடிந்துவிடுகிறது.

வாய்ப்பும் வகுப்பின் ஒப்புதலும் இருந்தால், கறிக்கடையில் ஓர் ஆட்டின் இதயம் வாங்கி நீளவாக்கில் வெட்டிக் காட்டலாம். இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் எவ்வளவு தடிமன், வலது எவ்வளவு மெல்லியது என்பதை விரலால் தொட்டுப் பார்த்த பிள்ளை மறக்காது. பார்க்க விரும்பாத பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது, அவர்களுக்குத்தான் வீடியோ.

மற்ற பாடங்களுக்கும் இப்படி வீடியோவைவிடப் பொருத்தமானது இருக்கலாம். பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலுக்கு வீடியோ தேடுவதைவிட ஃபெட் உருவகப் பயிற்சிகள் நல்லவை. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அது. இலவசம், சிலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு, இணையம் இல்லாமலும் ஓடும்படி பதிவிறக்கலாம். மின்தடையைக் கூட்டினால் விளக்கு மங்குவதைப் பிள்ளையே இழுத்துப் பார்க்கும்; வீடியோவில் வேறு யாரோ இழுப்பதைத்தான் பார்க்க முடியும்.

வளர்பிறை தேய்பிறைக்கு நாசாவின் அறிவியல் காட்சிப் பிரிவு ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் நிலவுப் படம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஒவ்வொரு மணிக்கும் நிலவு எப்படி இருக்கும் என்று ஓடும், பேச்சே தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும்: அதில் நிலவின் வடக்கு மேலே இருப்பதால் பிறை நிமிர்ந்து நிற்கும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு அருகில் என்பதால் மூன்றாம் பிறை நமக்குப் படகு போலச் சாய்ந்து படுத்துத் தெரியும். சொல்லாவிட்டால், மாலையில் மொட்டை மாடியில் பார்க்கும் பிள்ளை தான் பார்ப்பதுதான் தப்பு என்று நினைத்துக்கொள்ளும்.

சட்டம், விளம்பரம், மின்சாரம்

வகுப்பில் பிறருடைய வீடியோவைக் காட்டலாமா என்று இளம் ஆசிரியர்கள் கேட்பதுண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கல்வி நிறுவனத்தின் பணிகளுக்கிடையே ஆசிரியர், மாணவர், பெற்றோர் போன்றோர் மட்டும் அடங்கிய பார்வையாளர்களுக்குப் படம் காட்டுவதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. ஆகவே பயப்பட வேண்டாம். யூடியூபில் இருந்து வேறு மென்பொருள் வழியாக இறக்கிக்கொள்வது வேறு விஷயம், அது யூடியூபின் விதிகளுக்கு எதிரானது. பதிவிறக்கியே ஆக வேண்டிய பள்ளி என்றால் திக்‌ஷா, காமன்ஸ், நாசா, ஃபெட் ஆகியவற்றின் பக்கம் போவதே முறை. இணையம் வந்து போகும் கிராமப் பள்ளிக்கு இந்த ஒரு காரணமே முடிவைத் தீர்மானித்துவிடும்.

யூடியூபை நேரடியாகக் காட்டினால் விளம்பரம் வரும். எது வரும் என்று நம் கையில் இல்லை. வகுப்பு தொடங்கும் முன்பே திறந்து, விளம்பரத்தை ஓடவிட்டு, வேண்டிய விநாடியில் நிறுத்தி வைத்திருக்க வேண்டும். தானாக அடுத்த வீடியோ ஓடும் வசதியை அணைத்துவிட வேண்டும். சொந்தக் கணக்கில் நுழைந்த நிலையில் திரையில் காட்ட வேண்டாம், நம் தேடல் வரலாறும் பரிந்துரைகளும் பிள்ளைகள் முன் விரியும்.

மதிய வெயில் ஜன்னல் வழியாக அடிக்கும் வகுப்பில் புரொஜெக்டர் படம் வெளிறிப்போகும். அங்கே கறுப்புப் பின்னணி கொண்ட வீடியோ எடுபடாது, வெள்ளைப் பின்னணியில் தடித்த கோடுள்ள படமே தெரியும். கடைசி பெஞ்சில் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

எப்படித் தேர்வு செய்வது

முதலில் ஒலி இல்லாமல் பார்க்கிறேன். ஒலி இல்லாமலே ஏதாவது புரிகிறதா? இல்லை என்றால் அந்த வீடியோவின் படம் வெறும் அலங்காரம். பிறகு பிழை தேடுகிறேன். இதயத்துக்கு என் சோதனை: நீல நிறம் ஓர் அடையாளத்துக்காகத்தான் என்று எங்காவது சொல்கிறதா, இரு பக்கமும் சேர்ந்து சுருங்குகிறதா, வால்வு இரத்தத்தால் தள்ளப்படுகிறதா. இரண்டாவது தவறாக இருந்தால் உடனே விட்டுவிடுகிறேன், எத்தனை லட்சம் பேர் பார்த்திருந்தாலும் சரி. மூன்றாவதாக, எந்த விநாடியில் நிறுத்தி என்ன கேட்பேன் என்று ஒரு கேள்வியாவது எழுத முடிகிறதா என்று பார்க்கிறேன். எழுத முடியாத வீடியோவை வீட்டுக்கு அனுப்புவதோடு சரி.

இனி முடிவு உங்கள் சூழலைப் பொறுத்தது. தமிழ் வழி, இணையம் ஓரளவு உண்டு என்றால் மணற்கேணியில் தொடங்கி, அசைவுக்குக் காமன்ஸ் படத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கில வழி என்றால் அமீபா சிஸ்டர்ஸில் இருந்து ஒரு துண்டு, வேகத்தைக் குறைத்து. இணையமே இல்லை என்றால் திக்‌ஷா செயலியில் வீட்டிலேயே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், காமன்ஸில் இறக்கிய கோப்புகளைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். மின்சாரமும் நம்பிக்கையில்லை என்றால் ரப்பர் வால்வு வைத்த பம்பு போதும், அரவிந்த் குப்தாவின் வீடியோவைப் பார்க்க வேண்டியவர் ஆசிரியர் மட்டும்தான்.

தேடிக் கண்டுபிடித்ததைத் தொலைக்காமல் இருக்க, கோப்பின் பெயரிலேயே வகுப்பு, அலகு எண், எந்த விநாடியில் இருந்து எந்த விநாடி வரை, எங்கே நிறுத்தி என்ன கேட்க வேண்டும் என்று எழுதிவைப்பது நல்லது. பள்ளிக் கணினியில் பொதுவான ஒரு ஃபோல்டரில் போட்டுவைத்தால், அடுத்த ஆண்டு அந்தப் பாடத்தை நடத்த வேறோர் ஆசிரியர் வந்தாலும் அவர் ஒரு மாலை முழுக்க யூடியூபில் தேட வேண்டியிருக்காது.